கேள் என்றொரு பட்டன்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஆபீஸில் எல்லோரும் அவளைப் 'பட்டன்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த வெப்சைட் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கொடுத்த வேலை பட்டன் செய்வது மட்டும்தான். சட்டைப் பட்டன் இல்லை. போனில் ஒரு வெப்சைட்டைத் திறந்தால் 'வாங்கு', 'அனுப்பு', 'உள்ளே வா' என்று பளிச்சென்று தெரியுமே, விரலால் தட்டுகிறோமே, அந்தப் பட்டன். அதன் நிறம், அதன் ஓரம் எவ்வளவு வளைய வேண்டும், விரல் பட்டதும் அது எப்படிக் கொஞ்சம் உள்ளே அமுங்கி மேலே வர வேண்டும், எல்லாம் அவள் பொறுப்பு. மற்றவர்கள் முழு சைட்டையும் கட்டி முடிப்பார்கள். கடைசியில் "பட்டன், பட்டனைப் போடு" என்று ஒரு குரல் வரும். அவள் ஓடிப் போய்ப் போடுவாள்.

"ஊர்ல எல்லாரும் வீடு கட்டுறாங்க. நீ காலிங் பெல் மட்டும் மாட்டிட்டு வர்றே" என்று அவளுடைய அக்கா கிண்டல் செய்வாள். அக்கா பிசியோதெரபிஸ்ட். நாள் முழுக்க அடுத்தவர்களின் முதுகை அமுக்கிவிட்டு வந்து, சாயங்காலம் தங்கையின் காலை வாருவது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"காலிங் பெல் இல்லாட்டி உன் வீட்டுக்குள்ள யாரும் வர முடியாது, தெரிஞ்சுக்கோ."

"கதவைத் தட்டுவாங்கடி."

அக்காவிடம் வாயால் ஜெயித்தவர் யாரும் இல்லை.

பட்டன் முதலில் படித்தது வரவு செலவுக் கணக்கு. இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டிய தொகை அவளுக்கு ஒருநாளும் சமமாக வந்ததில்லை. ஆனால் அந்தத் தப்பான தொகையைச் சுற்றி அவள் போட்ட கோடும் கட்டமும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். "உனக்குக் கணக்கு வராது, ஆனா கட்டம் வருது" என்று சொன்ன வாத்தியார் அதைத் திட்டாகத்தான் சொன்னார். அவள் அதை வழிகாட்டுதலாக எடுத்துக்கொண்டாள். படிப்பைப் பாதியில் விட்டு, போனில் இலவசமாகக் கிடைத்த வீடியோக்களைப் பார்த்து வெப்சைட் செய்யக் கற்றாள். டிசைன் என்றால் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று வரைவது. கோட் என்றால் வரைந்தது தட்டினால் நடக்கும்படி எழுதுவது. பெரும்பாலான பேருக்கு இரண்டில் ஒன்றுதான் கைவரும். அவளுக்கு இரண்டுமே வந்தது. ஆனால் அதை ஆபீஸில் காட்ட ஒரு வாய்ப்பும் வரவில்லை.

ஆபீஸ் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. நீளமான ஒரே அறை. கீழே டயருக்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் மேலே மேஜைகள் லேசாக நடுங்கும். அறையின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் முதலாளி உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் அவர் 'சார்'. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வேலை கொடுக்க வருகிற பார்ட்டி என்ன கேட்டாலும் "முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் போன பிறகு தலையில் கை வைத்துக்கொள்கிற மனிதர்.

ஒருநாள், முழு சைட் கட்டும் பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அதே நாளில் புதுப் பார்ட்டி ஒன்று வருவதாக இருந்தது. சார் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் பட்டனிடம் வந்து நின்றது. வேறு எங்கே போகும்? மற்ற நாற்காலிகள் எல்லாம் காலி.

"பட்டன், இங்க வா. பாட்காஸ்ட்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும் சார். ரேடியோ மாதிரி பேச்சு. ஆனா நமக்கு எப்போ தோணுதோ அப்போ போட்டுக்கலாம்."

"ரெண்டு பேர் பாட்காஸ்ட் பண்றாங்க. அவங்களுக்கு ஒரு வெப்சைட் வேணுமாம். டிசைன், கோட், எல்லாம் நீயே பண்ணு. நல்லா வந்துச்சுன்னா இனிமே உனக்கு முழு சைட்டுதான். சொதப்பினேன்னா..."

"மறுபடியும் பட்டன்."

"நான் சொல்லவே வேண்டாம்."

அவளுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில் பார்ட்டி உள்ளே வந்துவிட்டது.

வந்தவர்கள் இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரிய சகலை, தங்கையைக் கட்டியவர் சின்ன சகலை. பெரியவர் லிஃப்ட் மெக்கானிக். சின்னவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். உட்கார்ந்ததும் பெரிய சகலை ஒரு துணிப்பையைத் திறந்து, ஒரு மிக்ஸியின் வயிற்றுக்குள் இருந்த மோட்டாரை எடுத்து மேஜைமேல் வைத்தார், ஏதோ பழம் வாங்கி வந்த மாதிரி.

"இதுதான் போன வாரம்" என்றார்.

அவர்களுடைய பாட்காஸ்டின் பெயர் 'பிரிச்சு மேயுறோம்'. ஒவ்வொரு வாரமும் வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு சாதனத்தை மைக்குக்கு முன்னால் வைத்துப் பிரிப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எது எதைச் சுற்றுகிறது, எது போனால் எது நிற்கும் என்று பேசிக்கொண்டே போவார்கள். நடுவில் சண்டை வரும். அதையும் வெட்டாமல் போடுவார்கள்.

"பிரிச்சதைத் திரும்ப மாட்டுவீங்களா அண்ணா?" என்று பட்டன் கேட்டாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது வேற பாட்காஸ்ட்" என்றார் சின்ன சகலை.

"வாஷிங் மெஷினுக்கு அப்புறம் எங்க வீட்டம்மாங்க ரெண்டு பேரும் சேர்ந்து தடை போட்டுட்டாங்க" என்றார் பெரியவர். "இப்போ பழைய சாமான் கடையில வாங்கித்தான் பிரிக்கிறோம்."

பட்டனுக்கு அந்த நிமிடமே அவர்களைப் பிடித்துப் போயிற்று. வெப்சைட்டில் என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். பெரிய சகலை முன்னால் சாய்ந்தார்.

"ஜனங்க கேக்கணும்மா. அதுதான் முக்கியம்."

"அவங்க கேக்கலைன்னா நாம எதுக்கு?" என்றார் சின்னவர்.

"வர்றவங்க எல்லாம் நம்ம மாதிரி சாதாரண ஆளுங்க. அங்க இங்க தேட வைக்கக் கூடாது. ஒவ்வொரு வாரப் பேச்சுக்கும் கீழ பெரிசா 'கேள்'னு ஒரு பட்டன். ஒரே தட்டு. உடனே கேக்கணும். இது ஒண்ணு ஒழுங்கா வந்தா எங்களுக்குப் போதும்."

"ஒரே தட்டுல கேக்கணும். புரிஞ்சுது அண்ணா."

புரிந்ததுதான். ஆனால் என்ன புரிந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'கேள்' என்ற சொல் நம்மிடம் இரண்டு வேலை பார்க்கிறது. காது செய்கிற வேலைக்கும் அதே சொல், வாய் செய்கிற வேலைக்கும் அதே சொல். பாட்டுக் கேட்கிறோம், வழியும் கேட்கிறோம். பெரிய சகலை சொன்னது காதை. பட்டன் எடுத்துக்கொண்டது வாயை. ஜனங்கள் கேள்வி கேட்க வேண்டும், தட்டினால் உடனே மைக் திறந்து அவர்கள் குரல் பதிவாக வேண்டும் என்று அவள் நினைத்தாள். அடடா, எப்பேர்ப்பட்ட மனிதர்கள், பேசுவதைவிட அடுத்தவர் பேசுவதற்குப் பெரிய இடம் கொடுக்கிறார்களே என்று அவளுக்குப் புல்லரித்துப் போயிற்று.

பிறகு வந்த நாட்களில் அவள் நடக்கவில்லை, மிதந்தாள். பல் தேய்க்கும்போது பக்கத்தின் நிறம் தோன்றும், வாயில் நுரையோடு ஓடிப்போய் எழுதுவாள். பின்னணிக்கு ஸ்க்ரூக்களும் பல்சக்கரங்களும் வரைந்தாள். பக்கத்தை விரலால் நகர்த்தினால் சக்கரங்கள் மெல்லச் சுற்றும். ஒவ்வொரு வாரப் பேச்சுக்கும் பிரித்துப் போட்ட சாதனத்தின் படம், படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணம். அதைத் தட்டினால் பேச்சு ஒலிக்கும். முக்கோணம் தெரியாதவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அதற்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அவளுடைய நாலு வருட அனுபவம் மொத்தமும் சேர்ந்து ஒரு பட்டன். கேள்.

"இதைத் தட்டி ஏதாவது கேள்வி கேளு. சோதனை" என்று அக்காவிடம் போனை நீட்டினாள்.

அக்கா தட்டினாள். மைக்கைப் பயன்படுத்தலாமா என்று போன் அனுமதி கேட்டது. அனுமதித்தாள். சிவப்புப் புள்ளி மின்னியது.

"என் சார்ஜரை எடுத்தது யாரு?" என்று கேட்டாள் அக்கா.

குரல் அச்சுப் பிசகாமல் வந்து சேர்ந்தது. பட்டன் கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். சார்ஜரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

பக்கத்தின் படத்தைக் காகிதத்தில் எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். பெரிய சகலை "ஆஹா, கேள் எவ்வளவு பெரிசு!" என்றார். சின்ன சகலை "இதுதான் வேணும்" என்றார். சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து "பட்டன் பிரமாதம்" என்றார். நாலு பேர் ஒரே சொல்லைப் பார்த்தார்கள். நாலு பேரும் தலையாட்டினார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது புரியாத சொல்லே இல்லை.

சைட் வெளியான காலை, சகலைகள் தெரிந்தவர், தெரியாதவர் அத்தனை பேருக்கும் லிங்க் அனுப்பினார்கள். பெரியவர் பழுது பார்த்த ஒவ்வொரு கட்டடத்து லிஃப்டுக்குள்ளும் ஒரு தாள் ஒட்டிவிட்டாராம். பட்டன் கணினி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேள்விகள் வந்து விழும் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

ஒரு கேள்வி வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது.

"சார்! கேக்குறாங்க சார்! கேட்டுக்கிட்டே இருக்காங்க!"

"சபாஷ்!" என்று கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து சார் கை தட்டினார்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியைத் திறந்தாள்.

ஒரு பெரிய மூச்சு. பிறகு ஒரு ஆண் குரல், "ம்... ஒண்ணும் கேக்கலையே."

சரி, இவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை போல. நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்ததைத் திறந்தாள்.

"சத்தத்தைக் கூட்டுங்க."

"கூட்டியாச்சு."

"அப்போ உங்க காதைக் காட்டுங்க, இப்படித் திரும்புங்க..."

அடுத்ததில் யாரோ போனை ஊதினார்கள். அதற்கடுத்ததில் ஒரு தாத்தா, "பேசுங்க தம்பி, நான் கேட்டுட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கடைசிவரை மரியாதையோடு காத்திருந்தார். பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்கடுத்தது ஒரு பெண் குரல். தன் தங்கையிடம் பேசுகிறாள் என்று தெரிந்தது.

"இங்க பாருடி, நம்ம வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. வெப்சைட்டு வந்ததும் திருந்திட்டாங்களா?"

"அக்கா, இப்படியே இருக்கட்டும்க்கா. ரொம்ப நல்லா இருக்கு."

பட்டன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று ஹெட்போனைக் கழற்றினாள். எத்தனை பேர் முக்கோணத்தைத் தட்டிப் பேச்சைக் கேட்டார்கள் என்று பார்த்தாள். ஒருவர்கூட இல்லை. ஒரே ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் 'கேள்' என்பதைத் தட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, சகலைகள் பேசுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் மைக் ஓடிக்கொண்டிருக்கிறது. அனுமதி கேட்டபோது எதையும் படிக்காமல் 'சரி' கொடுத்திருக்கிறார்கள், எல்லோரும் கொடுப்பது போல.

உடனே பதிவை நிறுத்தினாள். அந்தக் குரல்களை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். தெரியாமல் பேசிய பேச்சை வைத்துக்கொள்வது நியாயமில்லை. பாதி அழித்திருந்தபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். சகலைகள்.

சார் அவர்களைப் பார்த்ததும் பட்டனிடம் பாய்ந்து வந்து காதோடு சொன்னார். "சர்வர் கோளாறுன்னு சொல்லிடு. சர்வரைப் பத்தி யாருக்கும் எதுவும் தெரியாது. நானே பல தடவை சொல்லியிருக்கேன்."

நல்ல யோசனைதான். சர்வர் எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு பெட்டி. அது வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு பொய்யில் முழு சைட் வேலை அவள் கையிலேயே நின்றுவிடும். உண்மையைச் சொன்னால் மறுபடியும் ஓரம் வளைக்கிற வேலை. அவள் வாயைத் திறந்தாள். 'சர்' என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் பெரிய சகலை ஓடி வந்ததில் வியர்த்து, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு அண்ணா. கோளாறு எனக்குத்தான். நீங்க கேள்னு சொன்னது காதால கேக்குறதை. நான் வாயால கேக்குறதுக்குக் கட்டிட்டேன்."

சார் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய சகலை தன் வாயைத் தொட்டுக் காட்டினார். "வாயாலயா? கேள்னா வாயாலன்னு எந்த மனுஷன்மா நினைப்பான்?"

"நான் நினைச்சேன்" என்றார் சின்ன சகலை.

"என்னது?"

"முதல் நாள்லேர்ந்து நான் அப்படித்தான் நினைச்சேன் சகலை. அவங்க கேள்வி கேக்கணும்னுதானே நான் தலையாட்டினேன். பாராட்டக்கூட செஞ்சேன். உங்களுக்குப் பரந்த மனசுன்னு."

"அடப்பாவி! ஒரே சோபாவுல உக்காந்து ஒரே வார்த்தையை வேற வேறயா கேட்டிருக்கோமா?"

"இப்போ நீங்க சொன்ன 'கேட்டிருக்கோமா' எது சகலை? காதா, வாயா?"

பெரிய சகலைக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் சிரிக்க ஆரம்பித்தால் நிற்காது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லிஃப்ட்டுல தினமும் இதே கூத்துதான்மா. அம்பு ரெண்டு இருக்கும். மேல போறவன் மேல் அம்பை அமுக்கணும். ஆனா மேல நிக்கிறவன் கீழ போகணும்னா என்ன பண்றான் தெரியுமா? லிஃப்ட் மேல வரட்டும்னு மேல் அம்பை அமுக்குறான்! கேட்டா, 'நான் லிஃப்ட்டுக்குத்தான் வழி சொன்னேன்'ங்கிறான். இத்தனை வருஷத்துல அவனைத் திருத்த முடியல என்னால. நீ வேற வார்த்தை போடு, போதும்."

வேற வார்த்தை. சொல்லும்போது சுலபம். பட்டன் 'கேட்க' என்று எழுதிப் பார்த்தாள். அதே வம்பு. 'கேளுங்கள்' என்றால் மரியாதையான அதே வம்பு. 'கேட்டுப் பாருங்கள்' என்றாள். "கேட்டுப் பாத்தேன், தர மாட்டேன்னுட்டான்" என்றார் சின்ன சகலை. 'ஒலி' என்று போட்டாள். "ஒளியச் சொல்ற மாதிரி இருக்கு, பசங்க கட்டிலுக்கு அடியில போயிடுவாங்க" என்றார் பெரியவர். 'இயக்கு' என்றதும், அது மோட்டாருக்குத்தான் பொருத்தம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து சார்கூட "ஆரம்பி!" என்று கத்தினார். "எதை?" என்று மூவரும் திரும்பக் கேட்டார்கள். கீழே டயருக்குக் காற்று அடித்தார்கள். மேஜை நடுங்கியது. சிரித்துச் சிரித்துப் பட்டனுக்கு விலா வலித்தது.

"இவரோட பேசி ஜெயிக்க முடியாதும்மா. எதுக்கும் காது குடுக்க மாட்டார்" என்று சின்ன சகலை அலுத்துக்கொண்டார்.

"நீ வாயை மூடினா நான் காது குடுப்பேன்" என்றார் பெரியவர்.

பட்டன் சட்டென்று நிமிர்ந்தாள். "அண்ணா! நீங்க ரெண்டு பேரும் இப்போ சொன்னதுதான்!"

அவள் விரல்கள் பறந்தன. பக்கத்தில் இருந்த ஒரு பட்டன் இரண்டானது. ஆரஞ்சு நிறப் பட்டனில் 'காது கொடு'. தட்டினால் சகலைகள் பேசுவார்கள். பக்கத்தில் பச்சைப் பட்டனில் 'வாயைத் திற'. தட்டினால் உங்கள் கேள்வியைப் பதிவு செய்யப் போகிறோம், சம்மதமா என்று கொட்டை எழுத்தில் கேட்டு, சம்மதித்தால் மட்டும் மைக் திறக்கும். படத்தோரத்து முக்கோணத்தை எடுத்தே விட்டாள். காலையில் வந்த குரல்களில் மிச்சம் இருந்ததையும் அழித்தாள். அதில் தங்கள் மனைவிமார் குரலும் உண்டு என்று தெரிந்ததும், அவர்கள் பேசியதைக் கேட்க வேண்டும் என்று பெரிய சகலை கெஞ்சினார். அது நடக்கவில்லை.

இந்த முறை அவள் படத்தைக் காட்டித் தலையாட்ட வைக்கவில்லை. டயர் கடைக்குப் போய், கிரீஸ் கையோடு நின்ற ஒருவரிடம் போனை நீட்டி, ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவர் புறங்கையால் ஆரஞ்சுப் பட்டனைத் தட்டினார். "மிக்ஸியோட வயித்துல என்ன இருக்குன்னு பாக்கலாமா சகலை" என்று போனுக்குள் குரல் வந்தது. அவர் அப்படியே ஒரு டயர்மேல் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார். போனைத் திரும்ப வாங்கப் பட்டன் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது.

மாலைக்குள், காலையில் ஏமாந்தவர்கள் பலர் திரும்பி வந்திருந்தார்கள். காது கொடுத்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பச்சைப் பட்டன் வழியாகவும் ஒரு குரல் வந்தது, சம்மதத்தோடு, தொண்டையைச் செருமிக்கொண்டு. "அந்த வாஷிங் மெஷின் என்ன ஆச்சு?"

சார் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து வெளியே வந்து அவள் மேஜையருகே நின்றார். அவள் எழுந்தாள். எந்த ஓரத்தை வளைக்கச் சொல்லப் போகிறாரோ என்று கையைப் பிசைந்தாள்.

"அந்தப் படத்தை நானும்தான் பாத்தேன். நான் காதுன்னு நினைச்சேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல" என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "சர்வரைச் சொல்லியிருந்தா அவங்க நாளைக்கும் வந்திருப்பாங்க, சண்டைக்கு. நாளைக்கு ஒரு பல் டாக்டர் வர்றார். முழு சைட். நீயே உக்காந்து பேசு. அவர் என்ன சொல்றார்னு நல்லா கேளு."

"கேக்குறேன் சார்."

"எந்தக் கேளு?"

"ரெண்டும் சார்."

அவள் நிதானமாக நடந்து கதவைத் தாண்டினாள். தாண்டியதும் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, பாதியில் நின்று அக்காவுக்குப் போன் போட்டாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்தாள். முழு சைட்! பல் டாக்டர்! இனிமேல் முழு சைட்!

"ஹலோ" என்றாள் அக்கா. அந்தப் பக்கம் யாரோ முதுகு வலியில் முனகும் சத்தம். "ஹலோ... ஏய், பேசுடி. ஹலோ... கேக்குதா?"

அவ்வளவுதான். பட்டன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அக்கா விடாமல் "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.